கொய்யா மரத்து மணிக்கு அரைப் பேர்

மலேசியாவில், சாஆ என்கிற சின்ன ஊரில், ஐயாசாமி சாப்பாட்டுக் கடை ஜெய்னம்புவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடன் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரிங்கிட். அந்தப் பணம் கைமாறிய வாரத்தில், ஒரு புதன்கிழமை விடியுமுன், ஐயாசாமி வீட்டுக் கொய்யா மரத்தில் ஆஸ்பத்திரி மணி அடித்தது. படுக்கையில் கிடக்கிற நோயாளி பொத்தானை அமுக்கினால் தாதியர் மேசையில் அடிக்குமே, அந்த மணி. கூடவே தாழ்ந்த கிளையில், காய்க்குப் பக்கத்தில், சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. கம்பி கிடையாது, பொத்தான் கிடையாது. ஐயாசாமி கழுவிய முகத்தோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

ஐயாசாமி, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து இழுத்து இழுத்து, அவருடைய கழுத்து வானத்தைப் பார்த்தே பழகிப்போனது. மனைவி தனலெட்சுமி அதே தோட்டத்தில் மதியத்துக்கு மேல் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். இவர்கள் மகள் ஷாமளா, ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதி. நோய்த்தொற்று அடங்கி எல்லைகள் திறந்த வருஷம், இங்கிலாந்தின் வடக்கே கடலோரம் இருக்கிற ஒரு முதியோர் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைத் திரையிலேயே பேட்டி எடுத்து, எட்டுப் படுக்கை வார்டுக்கு இரவு வேலைத் தாதியாக எடுத்துக்கொண்டார்கள். வேலைக் கடிதம் வந்தது, கையெழுத்தும் போட்டாள். ஆனால் படிக்கவைத்த ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தக் காலம் பாக்கி இருந்தது. அதை முறிக்கப் பணம் கட்ட வேண்டும். ஆங்கிலப் பரீட்சை இரண்டு தடவை, அந்த நாட்டில் பேர் பதிய, பெர்மாஸ் ஜெயா ஏஜெண்டு திருச்செல்வத்துக்கு என்று எல்லாம் சேர்ந்து மேலே சொன்ன தொகை ஆயிற்று.

அதைக் கொடுத்தது ஜெய்னம்பு. கணவர் ருக்னுதீனோடு கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். அது ஹஜ்ஜுக்குப் போவதற்காக இருவரும் இத்தனை வருஷம் ரொட்டி தட்டிச் சேர்த்த பணம். பேர் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருந்தார்கள். வரிசை அப்படி நீளம். இப்போதைக்கு முறை வராது என்று எல்லாரும் சொன்னார்கள். "நாங்க மக்கா பாக்குறதுக்குள்ள ஒம் மக ரெண்டு தடவ லண்டன் போயிட்டு வந்துருவா. எடுத்துக்க தம்பி," என்றார் ஜெய்னம்பு. ஒரே ஒரு நிபந்தனை. "சில்லறையா திருப்பித் தராத. சில்லறையா வந்தா மீன் வாங்கியே தீந்துரும். குடுக்கிறப்ப மொத்தமா குடு." ருக்னுதீன் கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்தி, "மீன் வாங்குறது யாரு?" என்று கேட்டார்.

மணி விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் அது அடித்தபோது, வேலையை விட்டுப் பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்திருந்த ஷாமளாதான் அது என்ன என்று கண்டுகொண்டாள். பேட்டியின்போது வார்டு சிஸ்டர் மார்கரெட்டின் குரலுக்குப் பின்னால் இதே மணி அடித்துக்கொண்டிருந்தது. ஷாமளா தலைமுடியை முடிந்துகொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனாள். தாதிக்குப் பழக்கம் விடுமா? அடிமரத்தில் கையை வைத்து, "இதோ வந்துட்டேன், என்ன வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். விளக்கு அணைந்தது. அதற்குள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இன்னொன்று அடித்தது. அந்த வாரத்துக்குள் எட்டுப் படுக்கைக்கும் இடம் தெரிந்துவிட்டது. கொய்யா மரம் ஒன்றாம் படுக்கை. குழாயடி இரண்டு. தண்ணீர்த் தொட்டி நாலு. கோழிக்கூடு ஏழாம் படுக்கை. அங்கே மணி அடித்தால் கோழிகள் முதல் வாரம் அலறின, பிறகு நகர்ந்து இடம் கொடுத்தன. செருப்பு வைக்கிற பலகை, துணிக்கொடி, மோட்டார் சைக்கிள் கொட்டகை என்று மற்றவையும் அமைந்தன. இங்கிலாந்தில் இரவு என்றால் சாஆவில் பகல். அதனால் மணிகள் விடியுமுன் தொடங்கி, பிற்பகல் காப்பி நேரத்தோடு அடங்கின. அவளை எடுத்தது இரவு வேலைக்கு. பகல் வேலை மணி ஒன்றுகூட அந்த வீட்டில் அடித்ததில்லை.

ஆறாம் படுக்கைதான் தொல்லை. அது வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கனகராஜின் குலை லோரியில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் விளக்கு எரியும். கனகராஜ் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற ஆள்; லோரி போகிற இடமெல்லாம் ஆறாம் படுக்கையும் போயிற்று. லாபிஸில் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது மணி அடித்தால் ஷாமளாவுக்குப் போன் போடுவார். "ஒம் பேஷண்ட் கூப்புடுறாரு லா. நான் என்ன செய்யட்டும், ஊசியா போடட்டும்?" ஷாமளா போனை மணிப் பக்கம் பிடிக்கச் சொல்லிப் பேசிப் பார்த்தாள். போன் வழிக் குரலுக்கு அது அடங்கவில்லை, ஆள்தான் வேண்டும். கடைசியில் கனகராஜே திரும்பி உட்கார்ந்து, "சார், ஒன் மினிட் சார். ரோட்டுல ஜேம். நர்ஸ் கமிங்," என்று சொல்லிப் பார்த்தார். அணைந்துவிட்டது. அதிலிருந்து ஆறாம் படுக்கையை அவரே பார்த்துக்கொண்டார். மழை, ரோட்டுச் சண்டை, குலை விலை எல்லாவற்றையும் அந்த நோயாளியிடம் சொல்லுவார். மனைவியிடம் அவ்வளவு பேசமாட்டார் என்பது தெருவுக்கே தெரியும்.

மின்சார ஆட்கள் ஒருமுறை வந்து மீட்டரைப் பார்த்தார்கள். மணியால் மீட்டர் ஓடவில்லை என்று தெரிந்ததும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். தெருவும் பழகிக்கொண்டது. மணி அடிக்கிற வீடு என்று சொன்னால் பொட்டலம் கொண்டுவருகிற பையன்களுக்கு வழி தெரிந்தது. ஷாமளா வெள்ளைச் சீருடையைத் துவைத்து இஸ்திரிப் பெட்டி போட்டு, நாள் தவறாமல் விடியுமுன் உடுத்திக்கொண்டு, மணி மணியாக ஓடிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. வரவேண்டிய தாள் மட்டும் வரவில்லை.

அந்தத் தாளுக்கு ஸ்பான்சர் என்று பேர். வேலை கொடுக்கிறவர்கள், இந்தப் பெண்ணுக்கு நாங்கள் பொறுப்பு என்று தங்கள் அரசாங்கத்திடம் எழுதி வாங்கித் தரவேண்டிய தாள். அது இருந்தால்தான் விசா கேட்கலாம். மூன்று மாதத்தில் வரும் என்றார் திருச்செல்வம். மூன்று மாதம் போனது. ஆஸ்பத்திரியின் உரிமத்தைப் புதுப்பிக்கிறார்கள், பொறுங்கள் என்று செய்தி வந்தது. பிறகு இந்த வருஷத்துக்குக் கொடுத்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்றது. அடுத்த வருஷம் சம்பள விதி மாறியது; கடிதத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றார்கள். திருத்தி எழுதவேண்டியவர் வேலை மாறிப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுத்தான் எழுதினார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. பெர்மாஸ் ஜெயாவில் துணி துவைக்கிற கடைக்கு மேல்மாடியில் திருச்செல்வத்தின் அலுவலகம். "அடுத்த மாசம் வந்துரும்மா," என்று அவர் சொல்லச் சொல்ல, சுவரில் தொங்கிய நாட்காட்டி கிழிக்கக் கிழிக்கக் குறையாமல் தடித்துக்கொண்டே போனது. கடைசியில் ஆணி தாங்காமல் கீழே விழுந்ததால் அதைத் தரையில் சாய்த்து வைத்தார். அவரும் கெட்டவர் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் மைலோ வாங்கிக் கொடுத்தே அவர் தொழில் இளைத்துப்போனது.

வேறு வேலைக்குப் போனால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. பழைய ஆஸ்பத்திரி திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது, இன்னொரு ஐந்து வருஷ ஒப்பந்தத்தோடு. சிங்கப்பூருக்கு முயன்றால் அங்கேயும் முதலிலிருந்து ஒரு தாள். தோழி லோஷினி அப்படித்தான் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, "ஏண்டி இன்னும் கோழிக்கூட்டுக்கா நர்ஸா இருக்க?" என்று கேட்பாள். "ஆமா, கோழிகூட ஒன்னவிட மரியாதையா பேசுது," என்பாள் ஷாமளா. சாயங்காலங்களில் சாஆ கிளினிக்கில் மருந்து கட்டி, வருகிற கொஞ்சத்தைச் சேர்த்து வைத்தாள். அது பரீட்சைச் சான்றிதழைப் புதுப்பிக்கவே சரியாக இருந்தது. பிடிவாதக்காரி என்று தனலெட்சுமி திட்டினாள். "கையெழுத்து போட்ட எடத்துல ஆளு கூப்புடுதும்மா. காது கேக்குறப்ப எப்படி வேற எடத்துக்குப் போறது?" என்று மட்டும் ஷாமளா சொன்னாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு வளரவில்லை.

ஒரே ஒரு நாள் அவள் மணி நேரத்தில் வீட்டில் இல்லை. திருச்செல்வம் ஏதோ கையெழுத்துக்கு நேரில் வரச் சொன்னதால் அதிகாலை பஸ்ஸில் போய்விட்டாள். அன்றைக்கென்று குழாயடி மணி, அதாவது இரண்டாம் படுக்கை, விடாமல் அடித்தது. தனலெட்சுமிக்கு ஆங்கிலம் தெரியாது. அரிசி களைந்துகொண்டிருந்த ஈரக் கையோடு ஓடிப்போய், குழாயைப் பிடித்துக்கொண்டு, "வந்துருவா ஆத்தா, எம் மக வந்துருவா, நான் இருக்கேன்ல," என்று சொல்லிக்கொண்டு நின்றாள். கால் கடுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடியை விடவில்லை. மணி மெல்ல மெல்லச் சுருதி இறங்கி, தூங்குகிற மாதிரி நின்றது. அன்று சாயங்காலம் ஷாமளாவின் போனுக்கு மார்கரெட் சிஸ்டரின் செய்தி வந்தது. இரண்டாம் படுக்கை அம்மாள் அந்த இரவு காலமாகிவிட்டார், கஷ்டப்படவில்லை, ஒரு பெண் ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனார், வார்டில் ஏனோ ஊறவைத்த அரிசி வாசம் அடித்தது. நோயாளிகள் உன்னைப் பேர் சொல்லிக் கேட்கிறார்கள், ஆறாம் படுக்கைக்காரர் செம்பனை விலை ஏறியதா என்று என்னைக் கேட்கிறார், இதற்கு என்ன பொருள் என்றும் எழுதியிருந்தாள். ஷாமளா நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். இரவு வேலையில் கிடந்து வருகிறவர்கள் எதற்கும் அவ்வளவாக ஆச்சரியப்பட மாட்டார்கள். சிஸ்டர், நன்றி, ஏழாம் படுக்கைக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்க வேண்டாம் என்று பதில் போட்டாள். அதன் பிறகு ஷாமளா மணி நேரத்தில் வீட்டை விட்டு நகரவில்லை.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. பிறகு வரிசை நகராது என்று எல்லாரும் சொன்ன இடத்தில் நகர்ந்துவிட்டது. ஜெய்னம்புவுக்கும் ருக்னுதீனுக்கும் வரும் ஹஜ் பருவத்துக்கு அழைப்பு வந்தது. நோன்பு முடிவதற்குள் பணம் முழுக்கக் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ருக்னுதீனுக்கு இருதயத்தில் ஏற்கெனவே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஐயாசாமிக்கு இந்தச் செய்தியை ஜெய்னம்பு சொல்லவில்லை. கடையில் தேத்தண்ணீர் ஆற்றுகிற பையன் சொன்னான். அன்று பிற்பகல் ஜெய்னம்பு வழக்கம்போல் ஒரு பாத்திரம் மீன் குழம்போடு வந்து, கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முட்டி வலியைப் பற்றிப் பேசினார். புளி விலையைப் பற்றிப் பேசினார். ஐயாசாமி தலைகுனிந்து, கழுத்து வலிக்க, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அழைப்பு வந்துருச்சாமே."

"வந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே."

"கேட்டா நீ மரத்துலேருந்து பறிச்சா குடுக்கப்போற? அதுல மணிதான் காய்க்குது." ஜெய்னம்பு எழுந்து பாத்திரத்தைத் தனலெட்சுமியிடம் கொடுத்தார். "கூப்புட்டவன் வழி காட்டுவான். நீ சாப்புடு தம்பி. கொழம்பு ஆறிப்போவுது."

கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கேட்காமல் போனதுதான் தைத்தது. ஐயாசாமி அந்த வாரம் மோட்டார் சைக்கிளுக்கு விலை கேட்டார், தனலெட்சுமியின் தோட்டை எடைபோட்டுப் பார்த்தார். இரண்டும் சேர்ந்து ஒரு டிக்கெட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலை, பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்த கையோடு பேய்மழை பிடித்துக்கொண்டது. அந்தத் தோட்டத்தில் பழைய வழக்கம் ஒன்று இன்னும் இருந்தது. ஆள் பெரட்டுக்கு வந்து பேருக்குக் குரல் கொடுத்துவிட்டு, மழையாலோ வேறு எதனாலோ தோட்டம் அவனை வேலைக்கு அனுப்ப முடியாமல் போனால், அவனுக்கு அரைப் பேர் போட வேண்டும். அதாவது பாதி நாள் சம்பளம். வந்து நின்றவன் குற்றம் இல்லையே. வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் வேலு நனைந்த தொப்பியோடு, "எல்லாருக்கும் அரைப் பேர், வீட்டுக்குப் போங்க," என்றார். மற்றவர்கள் கலைந்தார்கள். ஐயாசாமி மட்டும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். பிறகு மழையோடே வீட்டுக்கு ஓட்டினார். வாசலில், குடையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சீருடை முழங்கால் வரை நனைய, மகள் துணிக்கொடி மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ தெனம் பெரட்டுக்கு நிக்கிற," என்றார் ஐயாசாமி.

"என்னப்பா?"

"கூப்புடுறாங்க. நீ கொரல் குடுக்குற. உள்ள விடாதது அவுங்க. ஒனக்கு அரைப் பேர் வரணும்."

ஷாமளா சிரித்தாள். "அப்பா, இது தோட்டம் இல்ல. அங்க அப்படியெல்லாம் கெடையாது."

"கேட்டுப் பாத்தியா?"

இத்தனை காலத்தில் தாள் எப்போது வரும் என்று மட்டும்தான் அவள் கேட்டிருக்கிறாள். கேட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று, அதையும் பயந்து பயந்துதான் கேட்டாள். துணிக்கொடி விளக்கு அணைகிற வரை நின்றாள். பிறகு குடையை மடக்கி, "நீங்களே கேளுங்க. நான் மொழிபெயர்க்கிறேன்," என்றாள்.

மார்கரெட் சிஸ்டர் ஒத்துக்கொண்டாள். இரவு வேலை முடியுமுன்பே நிர்வாக அதிகாரியை வரவழைத்துத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். இந்தப் பக்கம் ஐயாசாமி, கோயிலுக்குப் போகிற சட்டையோடு, பிளாஸ்டிக் நாற்காலியில். போனைத் தனலெட்சுமி பிடித்துக்கொண்டாள். அவர் குரலை உயர்த்தவில்லை. எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு வழக்கம், மழை பெய்தது தோட்டத்தின் குற்றமும் இல்லை, வந்தவன் குற்றமும் இல்லை, அதனால் ஆளுக்குப் பாதி. உங்கள் தாள் தாமதமாவதும் மழை மாதிரிதான், அதற்கு உங்களைத் திட்ட வரவில்லை. என் மகள் ஒரு நாள் தவிர எல்லா நாளும் நின்றாள், அந்த ஒரு நாள் அவள் அம்மா நின்றாள், அதைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம் என்றார். ஷாமளா அதை மொழிபெயர்த்தாள். அதிகாரி மரியாதையான ஆள். இது வருத்தம் தருகிற நிலைமைதான், ஆனால் பணியில் சேராதவருக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் தலைப்பும் இல்லை என்று தொடங்கினார். அவர் முடிக்குமுன் தண்ணீர்த் தொட்டியில் மணி அடித்தது. அங்கே அவருக்குப் பின்னால், நாலாம் படுக்கைக்கு மேலும் சிவப்பு விளக்கு எரிந்தது. மார்கரெட் சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷாமளா, "மன்னிக்கணும் சார், ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுத் தொட்டியடிக்குப் போனாள். தலையணையைத் தூக்கி வைக்கிற மாதிரி கைகளை வைத்து, இரண்டு வார்த்தை பேசினாள். அங்கே நாலாம் படுக்கை அம்மாளின் தலை தலையணையில் கொஞ்சம் உயர்ந்தது. விளக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக அணைந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. கனகராஜ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அப்படியே ஆறாம் படுக்கையும் நம்ம கணக்குல இருக்குன்னு சொல்லுங்க லா. எனக்குக் காசு வேணாம். ஆனா லோரியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கிறேன், ஆம்புலன்ஸ்னு," என்றார். ஷாமளா அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அரைப் பேர் என்ற தலைப்பு அவர்களிடம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்தபடியே, கூப்பிட்டால் வருவதற்குத் தயாராகக் காத்திருக்கிற தாதிக்குக் கொடுக்கிற படி ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. மகள் நின்ற நாள்களுக்கு அதைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம்; அம்மா நின்ற நாளையும் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் போக ஷாமளாவின் கணக்கில் வந்து விழுந்தது முப்பத்தெட்டாயிரம் ரிங்கிட். நோன்பு முடிய இன்னும் நாள் இருந்தது. ஐயாசாமி பணத்தை மொத்தமாக எடுத்து, மாவு டின்னில் வைத்து, மோட்டார் சைக்கிளின் முன்னால் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நோன்பு திறக்கிற நேரம். கஞ்சி வாசம் தெரு முழுக்க இருந்தது. ஜெய்னம்பு டின்னைத் திறந்து பார்த்தார். ருக்னுதீன் எண்ணப் போனார். மனைவியின் பார்வையைக் கண்டதும் எண்ணாமல் மூடினார்.

"நானூத்து அறுபது கொறையுது அக்கா. அடுத்த சம்பளத்துல..."

"சில்லறை வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல?" ஜெய்னம்பு கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். "எனக்கு முட்டி சரியில்ல. அம்புட்டுக் கூட்டத்துல நான் விழுந்து கெடந்தா எடுக்குறதுக்கு இந்த மனுசனால ஆவுமா? அந்த நானூத்து அறுபதுக்கு ஒம் மக எம் மணிக்கும் ஒரு காது குடுக்கட்டும். நான் திரும்பி வர்ற வரைக்கும்."

ஐயாசாமி அதை வீட்டில் வந்து சொன்னபோது ஷாமளா சரி என்றாள்.

ஜெய்னம்புவும் ருக்னுதீனும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போன சில நாளில், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து திருச்செல்வம் கூப்பிட்டார். ஸ்பான்சர் தாள் வந்துவிட்டது. நாட்காட்டி அன்று காலை கடைசித் தாளுக்கு வந்து நின்றதாகவும் சொன்னார். விசாவும் மளமளவென்று முடிந்தது. இத்தனை காலம் அசையாமல் கிடந்தது, வண்டி பள்ளத்தில் உருண்ட மாதிரி ஓடியது. ஆஸ்பத்திரி ஒரு தேதி கொடுத்து, அன்றைக்கே வந்து சேரச் சொன்னது. ஷாமளா தேதியைப் பார்த்தாள். ஜெய்னம்பு திரும்புவதற்கு ஒரு வாரம் முந்தி இருந்தது. "ஒரு வாரம் தள்ளிப் போடுங்கண்ணே," என்றாள். திருச்செல்வம், "அலமாக், என்னம்மா வெளையாடுறியா?" என்று அலறினார். "அவுங்க என்னைய ரெண்டரை வருஷம் காக்க வச்சாங்க. ஒரு வாரம் காக்கட்டும்." மார்கரெட் சிஸ்டருக்கும் அதையே எழுதினாள், கொஞ்சம் மரியாதையாக. ஒரு நோயாளி பாக்கி இருக்கிறார், ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்றாள். அது சிஸ்டருக்குப் புரிந்தது.

தள்ளிப்போட்ட அந்த வாரத்தில்தான் ஜெய்னம்புவின் மணி அடித்தது. மணிகள் அடங்கி, ஷாமளா சீருடை மாற்றிவிட்டிருந்த நேரம். மக்காவில் அப்போது உச்சி வெயில். முற்றத்து மிளகாய்ச் செடியிலிருந்து, இதுவரை கேட்காத கனத்த ஓசை, பித்தளைச் சொம்பைத் தட்டுகிற மாதிரி. ஷாமளா வீட்டு உடுப்போடே ஓடினாள். செடியருகே மண்டியிட்டாள். ஒரு கையால் இல்லாத முதுகைத் தாங்கி, இன்னொரு கையால் சட்டித் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தாள். "ம்மா, எந்திரிக்காதீங்க. முட்டிய நீட்டுங்க. நெழலுக்கு நவுருங்க, இப்படி, எம் பக்கமா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டுகிற நேரம் வரை நகரவில்லை. மறுநாள் காலை செடியைச் சுற்றி மண் உலர்ந்து வெளுத்துக் கிடந்தது; ஊற்றிய தண்ணீர் சொட்டுக்கூட அங்கே இல்லை.

ஜெய்னம்புவும் ருக்னுதீனும் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பினார்கள். ஷாமளா மறுநாள் விமானம் ஏற வேண்டும். பெட்டி வாசலில் நின்றது. ஜெய்னம்பு பேரீச்சம்பழமும் ஒரு புட்டி மக்காவின் சம்சம் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்து, நாற்காலியில் முட்டியை நீட்டி உட்கார்ந்தார். கூட்டத்தில் கால் மடங்கி விழுந்ததையும், மூச்சு முட்டியதையும், ருக்னுதீன் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்ததையும் சொன்னார். பிறகு ஷாமளாவைப் பார்த்து, "தண்ணி கொஞ்சம் மண்ணா இருந்துச்சு," என்றார்.

"செடிக்கு வச்ச தண்ணிம்மா. வேற எடுக்க நேரமில்ல."

"அது சரி." ஜெய்னம்பு ஐயாசாமி பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த நானூத்து அறுபது கழிஞ்சிருச்சு. இனிமே எனக்கும் ஒனக்கும் ஒண்ணும் இல்ல."

மறுநாள் ஷாமளா போனாள். கொய்யா மரம் அன்றிலிருந்து கொய்யா மட்டும் காய்த்தது. கோழிகள் பழைய இடத்துக்கு நகர்ந்துகொண்டன. கனகராஜின் லோரியில் மட்டும் மணி நிற்கவில்லை. ஆறாம் படுக்கைக்காரர் வேறு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், ஷாமளா எழுதியிருந்தாள். திங்கட்கிழமை விடியற்காலை ஐயாசாமி கடன் இல்லாத ஆளாகப் பெரட்டுக்குப் போனார். பேருக்குக் குரல் கொடுத்தார். உடனே மழை பிடித்துக்கொண்டது. வேலு தொப்பியைக் கழற்றி உதறினார். எல்லாருக்கும் அரைப் பேர் விழுந்தது.